ஆர்வெல் எழுதி, தமிழில் ஒலித்தது

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும், சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு கிடைத்த ரயிலில் ஏறினார்கள். யார் சொல்வதை நம்புவது? அந்தப் போர் ஆண்டுகளில் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது, லண்டன் பிபிசியும் தமிழில் பேசியது.

பிபிசியின் இந்தியப் பிரிவில் 1941 முதல் 1943 வரை சம்பளத்துக்கு இருந்தவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். பிறந்தது பீகார் மோதிஹாரியில். வாராவாரம் போர் நிலவரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். அதைத் தமிழிலும் வங்க மொழியிலும் மராத்தியிலும் மொழிபெயர்த்து வாசிப்பார்கள். தாளில் தணிக்கையின் முத்திரைகள் விழும்: கொள்கைக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. வாசிக்கும்போது சுவிட்சில் கை வைத்தபடி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். தாளில் இல்லாததைப் பேசினால் ஒலிபரப்பு அதோடு சரி.

இத்தனைக்கும் ஆர்வெல் ஏகாதிபத்தியத்தை வெறுத்தவர். ஹிட்லர் தோற்கவேண்டும் என்றுதான் அந்த நாற்காலிக்கு வந்தார். 1942 ஆகஸ்டில் காந்தியையும் நேருவையும் சிறையில் போட்டபோது, மனக்கசப்பை டைரியில் எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

1949இல் வெளியான அவருடைய ‘1984’ நாவலில் படிப்பவர்கள் எல்லோரும் சர்வாதிகாரியான பெரியண்ணனைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு வின்ஸ்டன்தான் முக்கியம். பழைய நாளிதழ்களைத் திருத்தி எழுதும் அரசாங்கக் குமாஸ்தா. ஆளும் கட்சியை வெறுக்கிறான், ஆனால் சிக்கலான திருத்தம் ஒன்று மேஜைக்கு வந்துவிட்டால் ரசித்துச் செய்கிறான். அந்த ருசி, செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த ருசி கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, இரவில் கட்சி ஐடி விங்குக்கு மீம் என்று இருக்கும் பிள்ளைகள் எல்லாக் கட்சியிலும் உண்டு. நல்ல பிள்ளைகள்தான். பழைய மேடைப் பேச்சில் முன்னும் பின்னும் நறுக்கி, எழுத்தின் நிறம் மாற்றி, நடிகர் படம் ஒன்றை ஓரத்தில் ஒட்டி அனுப்புவார்கள். மறுநாள் ஆவடி லோக்கல் ரயிலில் யாரோ அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தால், அதுதான் அவர்களுக்குச் சம்பளம். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வராது. வேலை சுத்தமாக வந்திருக்கிறதா என்பதுதான் கவலை.

ஆர்வெல் 1943 செப்டம்பரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பலனில்லாத காரியத்தில் தன் நேரமும் பொதுப்பணமும் வீணாகின்றன என்பது அவர் சொன்ன காரணம். தன் அபிப்பிராயத்துக்கு மாறாக ஒரு வார்த்தை பேசும்படி அங்கே யாரும் தன்னை வற்புறுத்தவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.