பேசினது போதும்!

நாடாளுமன்றத்திலும் ஒரு கில்லட்டின் இருக்கிறது, தெரியுமா? அதில் தலை உருளாது. பேச்சுதான் உருளும்!

ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்பதற்கு 'மானியக் கோரிக்கை' என்று பெயர். விவாதத்துக்கு ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும், மிச்சமிருக்கும் அத்தனை கோரிக்கைகளையும் சபாநாயகர் பேச்சே இல்லாமல் ஓட்டுக்கு விட்டுவிடலாம். மக்களவை விதி 208. இதுதான் கில்லட்டின்.

2018 மார்ச் 14. மக்களவையில் 99 மானியக் கோரிக்கைகள், கூடவே நிதி மசோதா. எல்லாமே சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறின. பி.காம். படித்த பழக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். ஒரு கோரிக்கைக்கு இருபது விநாடிகூடத் தேறவில்லை. அதில் பழங்குடியினர் நலமும் அடக்கம். கொல்லிமலையைச் சேர்த்த நம்ம சேந்தமங்கலம், பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அந்த மலை ஜனங்களுக்கான பணத்தைப் பற்றி டெல்லியில் அன்று ஒரு வாக்கியம்கூட விவாதம் இல்லை. சபையில் அப்போது தினமும் ஒரே அமளி என்பதும் நிஜம். எதிர்க்கட்சிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்படியானால் பேச்சை வெட்டுவதே பாவமா? அவசரப்படாதீர்கள். 1881ல் பிரிட்டிஷ் மக்கள் சபையில், விசாரணையில்லாமல் சிறை வைக்கும் சட்டத்தை எதிர்த்து ஐரிஷ் உறுப்பினர்கள் 41 மணி நேரம் கூட்டத்தை இழுத்தார்கள். கடைசியில் சபாநாயகர் பிராண்ட், 'போதும்' என்று முடித்து வைத்தார். ஐரிஷ்காரர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால், பேசிப் பேசியே யாரையும் முடிவெடுக்க விடாமல் செய்தால் சபை எதற்கு?

நம் மக்களவை விதி 362 இதற்கு ஒரு வழி சொல்கிறது. 'விவாதத்தை முடிக்கலாம்' என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால், நியாயமான விவாதத்துக்கான உரிமை அதனால் பறிபோகுமா என்று சபாநாயகர் முதலில் பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. மெஜாரிட்டி உள்ளவர் கேட்டுக்கொண்டிருப்பதால் எதையும் இழப்பதில்லை. ஓட்டில் தோற்கப் போகிறவருக்கோ பேச்சு ஒன்றுதான் சொத்து.

வீட்டிலும் ஆபீஸிலும் நாமும் சொல்கிறோமே, 'அதான் முடிவாயிடுச்சே, இன்னும் என்ன பேச்சு?' என்று. எதிரில் இருப்பவர் ஒரு தடவையாவது முழுசாகப் பேசிவிட்டாரா? பேசிவிட்டார் என்றால் தாராளமாக முடியுங்கள். இல்லையென்றால், இன்னும் அஞ்சு நிமிஷம் உட்காருங்கள். எப்படியும் ஜெயிக்கப் போவது நீங்கள்தானே!