ஒற்றைக்கண் குதிரையும் சலவை எந்திரமும்

இந்த ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், ஜவ்வாது மலையிலுள்ள நமது பங்கின் மாணவியர் விடுதியில் சலவை எந்திரம் நின்றுபோயிற்று. திடீரென நின்றது என்று சொன்னால் அது பொய்யாகும். துணியைப் பிழிவதற்காக விரைந்து சுழலும்போது தாழப் பறக்கும் விமானம்போல் இரைகிறது என்று, விடுதிப் பொறுப்பாளரான அருட்சகோதரி திருவருகைக் காலத்திலேயே நம்மிடம் சொன்னார். சத்தம்தானே, ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். பிறகு அதன் அடியில் துருநிறத்தில் நீர் கசிந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மலைக்குளிருக்கு அறுபது பிள்ளைகள் போர்த்தும் போர்வைகள் தண்ணீரில் நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்பது அவற்றைக் கையால் பிழிந்தவருக்கே தெரியும். விடுதியில் அந்த வேலையைச் செய்துவந்த அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவருடைய முதுகை எண்ணியே பத்து ஆண்டுகளுக்கு முன் அன்பர் ஒருவரின் நன்கொடையில் அந்த எந்திரத்தை வாங்கினோம். அது நின்ற மறுநாள் அவர் மீண்டும் துவைகல்லின்முன் நின்றார்.

போளூரிலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவர் பேருந்தில் வந்து சேர்ந்தார். எந்திரத்தை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. கதவைத் திறந்து, துணி போடும் எஃகு உருளையின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அது ஒரு விரல் அகலத்துக்கு ஆடியது. "பேரிங் போச்சு, சாமி" என்றார்.

பேரிங் என்பது பெரிய மறைபொருள் அன்று. மாட்டுவண்டியின் அச்சுக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் இடையே மசகிட்ட தலைமுறைக்கு அது எளிதில் விளங்கும். எஃகு உருளையைத் தாங்கும் அச்சு, நீர் நிற்கும் வெளித்தொட்டியின் முதுகைத் துளைத்துக்கொண்டு பின்னால் வருகிறது. அந்த முதுகில் இரண்டு பேரிங்குகள் அச்சைச் சுமக்கின்றன. உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. ஒவ்வொன்றிலும் இரண்டு வளையங்களுக்கிடையே எஃகுக் குண்டுகள் கிரீசில் தோய்ந்து உருள்கின்றன. நீர் உள்ளே வராதபடி ரப்பரால் ஆன ஆயில் சீல் ஒன்று காவல் நிற்கிறது. அதன் உதடு தேய்ந்ததும் சோப்புநீர் புகுந்து கிரீசைக் கழுவிவிடுகிறது, குண்டுகள் துருவேறுகின்றன, அவை ஓடும் தடத்தில் குழிகள் விழுகின்றன. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுழலும்போது அந்தக் குழிகள் எழுப்பும் ஓலமே நாம் கேட்டும் கேளாதிருந்த விமான இரைச்சல். பேரிங் இரண்டும் சீலும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் கடையில் கிடைப்பவை.

ஆனால் அவற்றை மாற்ற முடியாது என்றார் அவர். பழைய எந்திரங்களில் வெளித்தொட்டி இரு பாதிகளாகத் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும்; கழற்றலாம், மாற்றலாம், மீண்டும் பூட்டலாம். நம் எந்திரத்திலோ இரு பாதிகளும் உருக்கி ஒட்டப்பட்டிருந்தன. தொட்டியும் உருளையும் அச்சும் பேரிங்கும் ஒரே பொருளாகத்தான் வாங்க வேண்டும். அதன் விலை புது எந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டும். ஆயிரம் ரூபாய்ப் பொருள் தேய்ந்ததற்காக, மற்றெல்லாம் நன்றாயிருக்கும் எந்திரத்தைக் குப்பையில் போட வேண்டும்.

பழுது பார்க்க இயலாதபடி ஒன்றைச் செய்து விற்பது குற்றமா? குருமடத்தில் நீதியைப் பற்றிப் பயின்ற பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது ‘சும்மா தியோலோஜிக்கா’வின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 77-ஆம் வினாவை வாணிகத்தில் நிகழும் ஏமாற்றுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்று கேட்டு, குறை மறைவானதாகவும் வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ விளைவிப்பதாகவும் இருந்தால் சொல்லியே தீர வேண்டும் என்கிறார். குறை வெளிப்படையானதாக இருந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒற்றைக்கண் குதிரை. கண் இல்லாததை வாங்க வந்தவனே பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டப்பட்ட தொட்டியை யார் பார்ப்பது? அது எந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. கடையில் நம்மிடம் சுழற்சி வேகத்தையும் மின்சாரச் சிக்கனத்தையும் காட்டினார்கள். உத்தரவாதச் சீட்டில் முத்திரையிட்டார்கள். தொட்டியைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை. குறை மறைவானது, இழப்பு உண்மையானது. புனிதரின் அளவுகோலால் அளந்தால் இது நீதிக்குப் புறம்பானது என்றே நாம் கருதுகிறோம். ஒட்டிய தொட்டி கசியாது, விரைவில் செய்யலாம், மலிவாக விற்கலாம் என்று செய்வோர் கூறும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. மலிவாக விற்பதற்கு அவை நியாயமாகலாம். சொல்லாமல் விற்பதற்கு ஆகா.

இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு கேள்வி நம்மை உறுத்தியது. அன்று கடைக்காரர், "ஃபாதர், இது பழுதானால் கழற்ற முடியாது, கழற்றக்கூடியது வேண்டுமானால் நாலாயிரம் கூட ஆகும்" என்று சொல்லியிருந்தால் நாம் எதை வாங்கியிருப்போம்? மனச்சான்றைத் தொட்டுச் சொல்வதானால், மலிவானதைத்தான் வாங்கியிருப்போம். ஒற்றைக்கண் என்று தெரிந்தே குதிரையை ஓட்டிக்கொண்டு வந்திருப்போம்.

சட்டங்கள் இத்துறையில் மெல்ல நகர்கின்றன. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சலவை எந்திரம் செய்வோர், ஒரு மாதிரியின் விற்பனை நின்றபின்னும் பத்து ஆண்டுகளுக்கு உதிரி உறுப்புகளைத் தந்தாக வேண்டும். பேரிங்கும் அப்பட்டியலில் உண்டு. ஆனால் தனியாகவோ பிற உறுப்புகளோடு சேர்த்தோ தரலாம் என்று ஒரு வாசலும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் நடுவணரசின் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்பில் அடங்கும். அவ்வாண்டு டிசம்பர் 24-இல் அதற்கான இணையதளமும் தொடங்கப்பெற்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் தூக்கி எறியும் பண்பாட்டைக் கடிந்துரைத்ததை நாம் மேடைகளில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். நம் விடுதியின் பின்புறத்தில் அந்தப் பண்பாடு துருநீர் வடித்துக்கொண்டிருந்தது.

பழையதென்றால் பயனற்றது என்போருக்கு இம்மலையிலேயே மறுப்பு உண்டு. காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல் நிறுவப்பட்டது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான சான்று 1977 மார்ச் 10 அன்று பதிவான இடங்களுள் அதுவும் ஒன்று. 2022 டிசம்பரில் அதற்குப் பொன்விழா எடுத்தார்கள். அரை நூற்றாண்டு அது பயன்பட்டது அதன் எஃகின் பெருமையால் மட்டுமன்று. கழற்றிச் சீர்செய்ய இடம் வைத்துச் செய்தவர்களும், சீர்செய்வதைத் தொழிலாகக் கொண்டு ஊதியம் பெற்றவர்களும் இருந்ததால்தான்.

ஊதியம் என்றோமே, நாம் வெட்கப்பட வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

புறப்பட எழுந்த பழுது பார்ப்பவர், தொட்டியை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "அறுத்துப் பார்க்கலாம், சாமி" என்றார். ஒட்டிய விளிம்பின் வழியே வாளால் அறுத்து, பேரிங்கை மாற்றி, விளிம்பைச் சுற்றித் துளையிட்டு, சிலிக்கோன் பூசி, திருகாணிகளால் பூட்டுவது. இரண்டு நாள் வேலை. உறுப்புகள் உட்பட 4,500 ரூபாய் கேட்டார். நாம் 4,000 என்றோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சரி என்றார். முப்பதாயிரம் ரூபாய் எந்திரத்தின் விலைச்சீட்டின்முன் வாய்மூடி நின்ற நாம், இரண்டு நாள் முழந்தாளிட்டு உழைக்கப்போகும் மனிதரிடம் ஐந்நூறு ரூபாயைக் குறைத்தோம். அந்தச் சமயத்தில் அது சிக்கனமாகத்தான் தோன்றியது. விடுதிப் பணம், நன்கொடைப் பணம் என்று காரணமும் கைவசம் இருந்தது. நியாயமான கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் எழுதியதைப் பாடமாகக் கற்பித்தவர்கள் நாம்.

தொட்டியை ஒட்டி அடைப்பவர் ஒரு பக்கம் என்றால், திறந்து சீராக்குபவருக்குக் கூலி தர மனமில்லாத நாம் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தத் தொழில் நசிகிறது. தம் மகன் இந்த வேலைக்கு வரமாட்டான் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

கனிகொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம், இன்னும் ஓராண்டு விட்டுவையும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டத்தொழிலாளர் கெஞ்சியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்தக் கூடுதல் ஓராண்டு உழைப்புக்கு அவருக்குக் கூலி யார் தந்தார் என்று நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மாலை எந்திரம் ஓடியது. தொட்டியைச் சுற்றி இருபத்தெட்டுத் திருகாணிகள். இரைச்சல் இல்லை. எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டோம். அச்சில் கொஞ்சம் தேய்மானம் இருப்பதால் உறுதி சொல்ல முடியாது என்றார். துருக் கசிந்தபோதே அழைத்திருந்தால் அச்சு பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். துவைக்கும் அம்மா முதல் சுற்றுப் போர்வைகளைப் போட்டுவிட்டு, நம்பிக்கையில்லாதவராய் அது முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் காலைப் பேருந்தின் நடத்துநரிடம் ஐந்நூறு ரூபாயை உறையிலிட்டுப் போளூருக்குக் கொடுத்தனுப்பினோம். கிடைத்துவிட்டதென்று மாலையில் அவர் தொலைபேசியில் தெரிவித்தார். கூடவே, போர்வைகளை ஒரு முறைக்கு நான்குக்குமேல் போட வேண்டாமென்று சகோதரியிடம் சொல்லச் சொன்னார்.