மாத்திரை போட்டால் விசுவாசம் போய்விடுமா?

 

கதிர்காமத்தில் வீட்டு ஜெபங்களுக்குப் போகும்போது, ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு வாசற்படியில் நின்று மெதுவாகக் கேட்கிறார்கள்: "பாஸ்டர், பயத்துக்கு டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். போட்டா விசுவாசம் இல்லைன்னு ஆயிடுமா?"

இதற்கு நான் வெளியே நின்று பதில் சொல்லவில்லை. 2021-ல் கொரோனா வந்துபோன பிறகு என் சரீரம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எவ்வளவு தூங்கினாலும் களைப்புதான். ஒரு நாள் கொஞ்சம் அதிகமாக நடந்துவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்க முடியாது. நாள்பட்ட சோர்வு நோய் என்று டாக்டர் சொன்னார். பின்னாலேயே பயமும் வந்தது. ராத்திரியில் காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதற்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் பண்ணுகிறேன்.

முதலாவது, இந்தச் சோர்வு சோம்பேறித்தனமா? இல்லை. இது நிஜமான, கடுமையான நோய் என்று 2015-ல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அறிக்கை கொடுத்தது. "தினமும் கொஞ்சம் கொஞ்சமாய் உடற்பயிற்சியைக் கூட்டு, சரியாகிவிடும்" என்ற பழைய ஆலோசனையை 2021-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு கைவிட்டது. நோயாளியைத் தள்ளித் தள்ளி ஓட்டினால் அவன் இன்னும் கீழே விழுவான். நம்முடைய தேசத்திலே கோவாவில் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்து 2005-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், ஆறு மாதத்துக்கு மேல் களைப்பு என்றார்கள். அத்தனை பேருக்கும் இந்த நோய்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் களைப்பு வறுமையோடும் மனவேதனையோடும் சேர்ந்திருந்தது; ரத்தக்குறைவோடு சேர்ந்திருக்கவில்லை. நாமோ "ரத்தம் கம்மி, டானிக் குடிம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்!

இரண்டாவது, பயம் பாவமா? கவலைப்படக்கூடாது என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், சபைகளைக் குறித்த கவலை தன்னைத் தினமும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கும் எழுதினார். தேவனை நம்பாமல் மனம் தேர்ந்துகொள்ளுகிற கவலை ஒன்று உண்டு. தூங்குகிறவனை எழுப்பி அவன் சரீரம் அடிக்கிற அலாரம் வேறு. எலியாவைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). பயந்து ஓடி, ஒரு செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டான். தேவதூதன் வந்து திட்டவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். தேவன் அவனிடம் கேள்வி கேட்டது அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேபிலே. அப்பம் முதலில், கேள்வி பிறகு! நாம் கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, "ஆசா ராஜா வைத்தியரைத் தேடினானே?" என்பார்கள் (2 நாளாகமம் 16). அவன் கர்த்தரைத் தேடாமல் விட்டதுதான் அங்கே குற்றம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் சீரியாவின் ராஜாவை நம்பினவன், வியாதியிலும் அப்படியே நடந்தான். எசேக்கியாவோ கண்ணீரோடு ஜெபித்தான். பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுப்பதாகத் தேவன் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்தைப் புண்ணின்மேல் போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

மருந்தே வேண்டாம் என்று தங்களை ஒப்புக்கொடுத்த முன்னோர்கள் பெந்தெகொஸ்தே ஊழியர்களில் உண்டு. இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் அப்படியே வாழ்ந்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தன் உயிரைத் தானே தேவன் கையில் வைப்பது ஒன்று, அடுத்தவன் மாத்திரையைப் பிடுங்கி எறிவது வேறொன்று. முதலாவது பொருத்தனை. இரண்டாவதற்கு எந்த ஊழியனுக்கும் அதிகாரமில்லை.

மாத்திரையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். பயத்துக்கான மாத்திரை சோர்வு நோயைக் குணமாக்காது. பயத்திலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இந்த நோய்க்காரர் பலருக்கு மருந்து சட்டென்று ஒத்துக்கொள்ளாது, ஆகவே குறைந்த அளவில் தொடங்குவார்கள். உடனே அமைதி தருகிற சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும். அவற்றை டாக்டர் சொன்ன நாளுக்குமேல் போடாதீர்கள். எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். கர்த்தர் சுகமாக்கினார் என்று நம்புகிறவரும் அப்படியே செய்யட்டும். இயேசு குஷ்டரோகிகளை ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொன்னாரே! மெய்யான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. போய் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் குறைக்கட்டும்.

"இன்னும் ஏன் சுகமாகலை?" என்று நானும் ஆண்டவரிடம் கேட்கிறேன். பவுல் மூன்று தரம் கேட்டும் முள் எடுபடவில்லை. அவரை விசுவாசமில்லாதவர் என்று யார் சொல்லுவார்? என் மாத்திரை எனக்காக ஜெபிக்காது. ஆனால் படபடப்பு அடங்கின ராத்திரியில் ஜெபத்தை முழுதாய் முடிக்க முடிகிறது. அதற்காக ஸ்தோத்திரம் சொல்லி விழுங்குகிறேன்.

சபையாரே, வியாதியை அவிசுவாசம் என்று சொன்னால் அது பிறன்மேல் பொய்ச்சாட்சி. சோர்வுள்ளவரை முழுஇரவு ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் வற்புறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போனால் பத்து நிமிஷம் ஜெபித்துவிட்டு, சமைத்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நமக்குப் பக்கத்திலேயே கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் கோரிமேடு ஜிப்மரும் இருக்கின்றன. போக முடியாதவர்கள் 14416 என்ற அரசு மனநல எண்ணுக்கு இலவசமாய்ப் பேசலாம். வெட்கப்படாதீர்கள்.

எலியாவுக்கு அப்பம் அனுப்பின தேவன் உங்கள் பெலவீனத்தை அறிந்திருக்கிறார். அவர்தாமே உங்களைத் தாங்கி நடத்துவாராக. ஆமென்.