யாரும் இறங்காத நிலையம்

பயன்படாத ஒன்று இல்லாமல் போனால், அதில் இழப்பு என்று ஏதாவது உண்டா? இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் உள்ள அட்ல்ஸ்ட்ராப் என்ற சிற்றூரை வைத்து இதை யோசிக்கலாம். 1853இல் திறந்த அதன் ரயில் நிலையம் 1966 ஜனவரியில் மூடப்பட்டது. பின்னர் கட்டடமும் இடிபட்டது. பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963இல் தந்த அறிக்கை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. பயணிகள் வருகிறார்களா, டிக்கெட் விற்கிறதா என்பதே அதன் அளவுகோல். வராத இடத்தை மூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

1914 ஜூன் 24 அன்று கவிஞர் எட்வர்ட் தாமஸ் போன ரயில் அங்கே நின்றது. யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. நீராவி சீறியது, பிளாக்பேர்ட் பறவைகள் பாடின. பீச்சிங்கின் கணக்கில் அந்த நிறுத்தத்தின் மதிப்பு சுழியம். ஆனால் அந்த நிலையத்தைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு நிறுத்தத்தைத்தான். 1915 ஜனவரியில் தாமஸ் அதைக் கவிதையாக்கினார். 1917 ஏப்ரலில் பிரான்சின் ஆராஸ் போர்க்களத்தில் இறந்தார். நிலையம் என்பது வந்துபோகிறவர்களின் தொகை அல்ல, வரக்கூடிய எவருக்காகவும் ஆயத்தமாக நிற்பது என்றே எனக்குப் படுகிறது. ஆள் வராத நாளிலும் அந்த ஆயத்தம் குறைவதில்லை. வரவுப் பதிவேட்டில் அதற்குப் பத்தி கிடையாது, அவ்வளவுதான்.

ஆயத்தத்துக்கும் செலவு உண்டே, அதை யார் கொடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மூடியது தவறு என்று நான் வாதிடவும் இல்லை. செலவு தாங்காமல் ஒன்றைக் கைவிடுவது வேறு, அங்கே இழக்க ஒன்றுமே இல்லை என்பது வேறு. முன்னதில் துயரத்துக்கு இடமுண்டு. இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது: கவிதைதான் நிலையத்தைக் காப்பாற்றிவிட்டதே, பிறகு எது தொலைந்தது? இந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. தாமஸ் அங்கே இறங்கவில்லை என்றாலும், இறங்கியிருக்கலாம். கவிதை வாசிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாடப்படாமலே மூடப்பட்ட மற்ற நிலையங்களிலும் போனது அதே வாய்ப்புதான். அதற்குக் கவிஞரின் சாட்சி தேவையில்லை. ஆக்ஸ்போர்டிலிருந்து வூஸ்டர் போகும் ரயில்கள் இன்றும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன, நிற்பதில்லை. ஜன்னலோரப் பயணிக்கு ஊரைச் சொல்ல வைத்த பெயர்ப்பலகை இப்போது ஊருக்குள், பேருந்து நிழற்குடைச் சுவரில் இருக்கிறது. அடியில் பழைய ரயில்வே பெஞ்சு ஒன்று.