சிந்தனைத் துளி: பேசுபவரே ஆசிரியர்

ஒரு மொழியின் இலக்கணத்தைக் கண்டறிய நேரான வழி, அதைப் பேசுவோர் நடுவில் தங்குவது. கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். எழுத்து வழக்கில்லாத அம்மொழிகளுக்குப் பாடநூல் இல்லை, பேசியவர்களே ஆசிரியர்கள்.

இத்தகைய படிப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உடலுறுப்பு, உறவுமுறை, எண் ஆகியவற்றுக்கான சொற்களைக் கேட்டு ஒலிக்குறிகளில் எழுதுவார்கள். அடுத்து, ஓர் ஒலி மாறினால் பொருளும் மாறும் இணைச் சொற்களை ஒப்பிடுவார்கள். காது பழகுவது இங்கேதான். பேச்சில் ர, ற வேறுபாட்டைப் பெரும்பாலும் இழந்துவிட்ட தமிழருக்கு, நாக்கு மூன்று இடங்களில் அதிர்ந்து பிறக்கும் தோட மொழியின் ரகர ஒலிகள் கடினமானவை. பிறகு சொல்லமைப்பு, தொடரமைப்பு. நிறைவாகக் கதையும் பாட்டும்.

எமனோவின் கோத்தர் கதைத் தொகுப்பு 1944–46இல் வெளிவந்தது. மொழியியலாளர் பர்ரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் அச்சேறியது.

இம்முறைக்கு மலைதான் வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடம் ஆலைகளை நம்பி வாலாஜாபாத் வட்டாரத்தில் தங்கும் வடமாநிலத் தொழிலாளரிடம் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் புழங்குகின்றன. கேட்பது, குறித்துக்கொள்வது, சொல்லிக்காட்டித் திருத்தம் பெறுவது ஆகிய மூன்றும் அங்கும் பயன்தரும்.