சுவரில் வைத்த புள்ளி

மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஓடும் மண்டலா மாவட்டத்தில் ககையா என்றொரு சிற்றூர். அதன் தொடக்கப் பள்ளியில் பாடத்தில் கவனமே நிற்காத ஒரு பையன் படித்தான். உடம்பு வகுப்பில் இருக்கும், நினைப்பு எங்கோ திரியும். ஒரு நாள் ஆசிரியர் நந்த்லால் ஜாரியா சுவரில் ஒரு புள்ளி வைத்தார். மற்றதையெல்லாம் மறந்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிரு என்று சொல்லி அவனைத் தரையில் உட்காரவைத்தார்.

அந்தப் பையன்தான் ஓவியர் சையத் ஹைதர் ரஸா. 1922இல் பிறந்தவர். தந்தை வனத்துறையில் வேலை பார்த்தார், அதனால் காட்டுக்கு நடுவில்தான் பிள்ளைப்பருவம். பகலில் மனதை ஈர்த்த அதே காடு, இருட்டியதும் பயமுறுத்தியது. பொழுது விடிந்தால்தான் நிம்மதி. பின்னாளில் அவர் கேன்வாஸில் கறுப்பும் சிவப்பும் அவ்வளவு அடர்ந்து கிடப்பதற்கு இந்த இரவும் விடியலும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரஸாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சுவரிலிருந்து நேராக அவருடைய புகழ்பெற்ற 'பிந்து' (புள்ளி) ஓவியங்களுக்குத் தாவிவிடுவார்கள். நடுவே கிடப்பது ஏறக்குறைய அரை நூற்றாண்டு! சூசா, ஹுசேன் முதலியவர்களோடு 1947இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு காஷ்மீரில் அவருடைய படங்களைப் பார்த்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸோன், திறமை இருக்கிறது, கட்டமைப்பு போதவில்லை, செஸானின் ஓவியங்களைப் பாருங்கள் என்றார். இளைஞனுக்குச் சுருக்கென்று தைக்கக்கூடிய பேச்சுதான். ரஸா கோபித்துக்கொள்ளவில்லை. 1950இல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். பிரெஞ்சுக் கிராமங்களையும் தேவாலயங்களையும் வரைந்தார், 1956இல் அங்கே விமர்சகர் விருதும் பெற்றார்.

பெயரும் பணமும் வந்த பிறகுதான் அவருக்கு ஒரு குறை தட்டியது. இவ்வளவும் சரி, இதில் என் ஊர் எங்கே? 1970களில் அடிக்கடி இந்தியா வந்தார், அஜந்தாவையும் எல்லோராவையும் காசியையும் சுற்றினார். 1980ஐ ஒட்டி 'பிந்து' என்னும் கறுப்பு வட்டம் அவர் ஓவியங்களின் மையத்தில் வந்து உட்கார்ந்தது. அது மண்ணுக்குள் இருக்கும் விதையாகவும், சூரியனாகவும், எல்லாம் தோன்றி ஒடுங்கும் இடமாகவும் ஆனது. ஐம்பூதங்களுக்கு ஐந்து நிறங்கள் சுற்றி நின்றன.

ஆசிரியர் கொடுத்தது வெறும் புள்ளி. அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கத்தில் எந்தச் சிவப்பு, கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் பாரிஸில் பட்டறையில் கிடந்து கற்றது. அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர் தியான உணர்வோடு வட்டம் போட்டாலும் அது வட்டமாகவே நின்றுவிடும். ஆன்மிக ஓவியம் என்ற பெயரில் விற்கும் பல படங்களில் நான் பார்ப்பது அதைத்தான்.

2010இல், 88 வயதில், டில்லிக்குக் குடிவந்தார். 2016இல் காலமானார். விருப்பப்படியே மண்டலாவில், தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கடைசி முப்பது ஆண்டும் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்று சிலர் குறை சொன்னார்கள். அவர் அதை ஜபத்தோடு ஒப்பிட்டார். பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கடைசிக்காலப் படங்கள் சிலவற்றில் உதடு மட்டும்தான் அசைகிறது. 1980களில் வரைந்த நல்ல படங்களுக்கு முன்னால் நின்றால் அப்படிச் சொல்ல வாய் வராது.