தீராத நோயும் தீர்க்கக்கூடிய வேதனையும்

கண்ணும் தோலும் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, இரவெல்லாம் உடலைச் சொறிந்தபடி வீட்டுப் பெரியவர் படுத்திருக்கிறார். கணையத்தில் வளர்ந்த புற்றுநோய், பித்தநீர் குடலுக்கு இறங்கும் வழியை அடைத்துவிட்டது. அறுத்து அகற்றும் கட்டம் தாண்டிவிட்டது. "நோய் தீராது, அடைப்பில் குழாய் வைத்தால் மஞ்சளும் அரிப்பும் தணியும்" என்கிறார் டாக்டர். "மௌத்து நெருங்கிய நேரத்தில் இந்த அலைச்சல் ஏன்? ஸப்ரு செய்வதல்லவா ஈமான்?" என்கிறார் ஒரு மகன். "பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?" என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி?

முதலில் சிகிச்சையை அறிந்துகொள்வோம். இதில் வயிற்றைக் கிழிப்பதில்லை. வாய்வழியே எண்டாஸ்கோப் கருவியைச் சிறுகுடலின் தொடக்கம்வரை செலுத்தி, பித்தக் குழாயின் அடைப்பைத் தாண்டி ஸ்டெண்ட் எனும் சிறு குழாயை வைக்கிறார்கள். இந்தோனேசியாவில் பிறந்த டாக்டர் நிப் சூஹேந்திரா, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து 1979இல் இம்முறையை வெளியிட்டார். பிளாஸ்டிக் குழாய் சுமார் 3 மாதங்களில் அடைபடக்கூடும்; மாற்ற வேண்டும். உலோகக் குழாய் அதைவிட நீடிக்கும், விலையும் கூடும். கணைய அழற்சி, இரத்தக் கசிவு போன்ற ஆபத்துகளும் உண்டு. புற்றுநோயோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

தவக்குல் என்பது காரணங்களைக் கைவிடுவதன்று. தாகத்திற்குத் தண்ணீர்போல் நிச்சயமான காரணம் ஒன்று. மருந்தைப்போல் பெரும்பாலும் பலன் தருவது இன்னொன்று என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பிரித்துக் காட்டினார்கள். முன்னதை விடுவது தவக்குல் ஆகாது. பின்னதைச் செய்வது தவக்குலுக்கு முரணுமன்று. அதை விடுவது ஹராமுமன்று.

வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி, துஆ வேண்டி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். பொறுத்தால் சுவர்க்கம், விரும்பினால் ஷிஃபாவுக்கு துஆ என்றார்கள் நாயகம். பொறுமையையே தேர்ந்தார் அம்மாது. ஆனால் வலிப்பில் விழும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். அவ்வாறே துஆ செய்யப்பட்டது.

சிந்தியுங்கள்! நோயைப் பொறுத்துக்கொண்டே, அந்நோயில் உள்ள ஒரு துன்பத்துக்கு நிவாரணம் தேடினார் அவர். அது ஸப்ருக்குக் குறைவாகவில்லை. உறங்கவிடாத அரிப்பு தணிந்து, மனம் ஒன்றித் தொழவும், ஒரு கவளம் உண்ணவும் நோயாளிக்கு வழி கிடைக்குமானால், அதைத் தேடுவது எப்படி ஈமானுக்குக் குறைவாகும்?

அந்தப் பெண்மணியிடம் கேட்டே முடிவு செய்யப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே பிள்ளைகள் தமக்குள் வாதாடுவதைவிட, உண்மையை இதமாகச் சொல்லி நோயாளியையே கேட்பது முறை. குளிருடன் காய்ச்சல் வந்து பித்தநீரில் கிருமி பரவினால் தாமதம் உயிருக்கே ஆபத்து. அப்போது டாக்டர் சொல்லை உடனே கேட்க வேண்டும். நாட்கள் எண்ணப்படும் நிலையில் "போதும், என் வீட்டில் இருக்கிறேன்" என்று அவர் சொன்னால், அதை ஏற்பதும் குற்றமாகாது.

குழாய் தரும் அவகாசத்தில் கடன்களைத் தீர்க்கலாம், வஸிய்யத் எழுதலாம், மனம் நோகடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஹயாத்தின் அளவு அல்லாஹ்விடம் உள்ளது. வேதனையைத் தணிக்கும் கடமை நம்மிடம் உள்ளது.

நோயுற்றோர் யாவருக்கும் வல்ல ரஹ்மான் இலேசாக்குவானாக! ஆமீன்.